கரியைத் துடைப்பதற்கு முன்

சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளிலும் உள்ள கார் பட்டறைகளில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைப்பது பெரிய வேலையே இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் ஓஸின் கிளிப்பைத் தளர்த்தி, வயர் சாக்கெட்டைப் பிடுங்கி, நாலு போல்ட்டைக் கழற்றினால் நடுவில் ஒரு வட்டத் தகடு சுழலும் அலுமினிய வார்ப்பு கையோடு வந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, இதற்கு எதற்குக் கூலி, ஒரு டப்பா ஸ்பிரே வாங்கினால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். முடிக்கலாம்தான். இந்தப் பட்டறைகளின் வேலையைக் கவனித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: துடைக்கிற வேலையை நிதானமுள்ள எவரும் வீட்டில் செய்யலாம், துடைக்க வேண்டுமா, வேண்டாமா என்று சொல்வதுதான் தொழில். ஆனால் நம்மிடம் பில் வருவது துடைத்ததற்கு. கண்டுபிடித்துச் சொன்னதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால் தேவை இல்லாத வண்டியிலும் துடைப்பு நடக்கிறது.

கரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். இந்தக் கருமைக்குத் தெருத் தூசி முக்கியக் காரணமில்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, எண்ணெய் ஆவியையும் சேர்த்துக்கொண்டு பி.சி.வி. வால்வு வழியாக மறுபடி இன்டேக்குக்கே திரும்புகிறது. எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். உள்ள வண்டிகளில் புகைக்கரியும் கூடச் சேர்கிறது. அதனால்தான் கழற்றிய த்ராட்டில் பாடியில் ஃபில்டரைப் பார்த்த முகம் ஓரளவு சுத்தமாகவும், எஞ்சினைப் பார்த்த முகம் தார் பூசியதுபோலவும் இருக்கும். தகடு மூடி நிற்கும் இடத்தில், உட்சுவரைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். தொந்தரவு செய்வது அந்த வளையம்தான். ஐடிலில் எஞ்சின் மூச்சு விடுவது தகட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள மயிரிழை இடைவெளியில். அங்கே கரி படிந்தால் சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். தள்ளாடும், ஏ.சி. போட்டதும் வண்டி அணையப் பார்க்கும். நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டும்போது தகடு அகலத் திறந்திருப்பதால் அதே கரி பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே, துடைத்தால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும், மைலேஜ் எகிறும் என்று சொல்லி இந்த வேலையைத் தள்ளிவிடுபவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும்.

கேபிள் வைத்த பழைய வண்டிகளில் துடைத்ததோடு வேலை முடிந்தது. இப்போது ஆக்சிலரேட்டருக்கும் தகட்டுக்கும் நடுவே கேபிள் கிடையாது; எஞ்சினின் கணினியான ஈ.சி.யு. சொல்கிறபடி ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. கரி படியப் படிய ஈ.சி.யு. தகட்டை இம்மி இம்மியாகக் கூடுதலாகத் திறந்து சரிக்கட்டி, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. கரியைத் துடைத்த பிறகும் பழைய அளவுக்கே திறந்தால் காற்று அதிகமாகப் போய், 750 அளவில் நிற்க வேண்டிய ஐடில் 1500 வரைகூட ஏறி நிற்கும். வீட்டில் துடைத்தவர் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறுவது இங்கேதான். சில வண்டிகள் கொஞ்சம் ஓடியதும் தாமே பழகிக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் மாட்டி ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கைப்பக்குவமும் உண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பிரேயைத் துவாரத்துக்குள் பீய்ச்ச மாட்டார். துணியில் அடித்து, அந்தத் துணியால் விளிம்பை ஒற்றி எடுப்பார். தகட்டின் அச்சுக்குள் கரைப்பான் இறங்கினால் கிரீஸ் கரையும், பக்கத்திலிருக்கும் சென்சாருக்கும் ஆகாது. சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவும் மாட்டார், மோட்டாரை அடுத்திருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல்சக்கரம். சில தயாரிப்புகளில் தகட்டைச் சுற்றி மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு இருக்கும். அதுவும் கறுப்புதான். கரி என்று நினைத்துச் சுரண்டிவிட்டால் காற்று கசியும், ஐடில் அதற்குப் பிறகு ஒழுங்குக்கு வராது. துணியிலும் பார்க்க வேண்டும்: பட்டறைகளில் கைக்கு எட்டுவது திருப்பூர் பனியன் வேஸ்ட். எண்ணெய் துடைக்க அதைப்போல வேறில்லை, ஆனால் நூல் உதிரும். இங்கே நூல் உதிராத துணிதான் வேண்டும்.

த்ராட்டில் பாடியைத் துடைக்கிற கை அடுத்துப் போவது காற்றோட்ட சென்சாருக்கு. பட்டறை மொழியில் மாஃப் சென்சார் எனப்படும் இது வேறு ஜாதி. அது ஓர் அளவுமானி. உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பியோ படலமோ சூடாக்கப்பட்டிருக்கும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்க, சூடு குறையாமல் வைத்துக்கொள்ள எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் எடையை ஈ.சி.யு. கணக்கிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்ற கணக்கின் ஒரு பாதி இந்தக் கம்பியை நம்பி இருக்கிறது. இதில் துணி, பட்ஸ், விரல் எதுவும் படக்கூடாது. பட்டறையில் பழக்க தோஷத்தில் கை போவது ஏர் பைப்புக்கு. அந்த ஒரு ஊதலில் கம்பி போய்விடலாம். இதற்கென்றே விற்கும் ஸ்பிரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்து, முழுக்கக் காயவிட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கார்புரேட்டர் ஸ்பிரே கூடாது, அது பிளாஸ்டிக்கைத் தின்னும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் சென்சாரே கிடையாது. இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு இல்லாத சென்சாரைத் தேடுகிறவர்கள் குறைவில்லை.

எலெக்ட்ரானிக் சமாச்சாரம், கம்பெனி ஆள்தான் தொட வேண்டும் என்பார்கள். வாரன்டி உள்ள வண்டிக்கு அது சரி. மற்ற வண்டிகளில், சில தயாரிப்பாளர்கள் துடைக்கக்கூடாது என்று ஒட்டிய ஸ்டிக்கரை மதித்தால், மேலே சொன்ன எச்சரிக்கைகளில் எதுவும் ஒரு சாதாரண ஆளால் முடியாதது இல்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: எல்லோரும் வீட்டிலேயே துடைத்துக்கொண்டால் தெருமுனைப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? எண்ணெய் மாற்றுவதும் சில்லறைச் சர்வீஸும்தான் அவருடைய அன்றாட வரும்படி என்பது உண்மை. ஆனால் தேவையற்ற துடைப்பால் அந்த வரும்படியைக் காப்பாற்றுவது அவருக்கே கெடுதல். ஐடில் தள்ளாட வேக்கம் ஓஸில் கீறல், பிளக் தேய்வு, அடைத்த ஏர் ஃபில்டர், பழுதான காயில் என்று எத்தனையோ காரணம் இருக்க, பழி த்ராட்டில் பாடி மேல் விழுந்து, துடைத்தும் தீராமல் வண்டி திரும்பி வருகிறது. பெயர் கெடுவது அவருக்குத்தான். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம், அதாவது ஈ.சி.யு. பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பார்த்து, ஓஸ் ஓஸாகக் காது கொடுத்துக் கேட்டு, கரி காரணமில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்தப் பதிலுக்கே கூலி கிடைக்க வேண்டும்.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்புரேட்டர் ஸ்பிரேக்கள் பலவற்றில் டொலுயீன், அசிடோன் போன்றவை இருக்கும். காற்றோட்டம் இல்லாத ஷெட்டில், கையுறை இல்லாமல், வெட்டிய கேனில் ஊற்றிய பெட்ரோலில் பாகத்தை முக்கி எடுக்கிற பையனுக்கு இவையெல்லாம் மாதக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் ஏறுகின்றன. வீட்டில் எப்போதாவது செய்கிறவருக்கு ஆபத்து குறைவு, தீப்பிடிக்கும் பயம் மட்டும் இருவருக்கும் ஒன்று. தேவையில்லாத ஒவ்வொரு துடைப்பையும் தவிர்க்க இது ஒன்றே போதிய காரணம் என்பது என் கட்சி.

எனவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சர்வீஸ் பில்லில் த்ராட்டில் பாடி கிளீனிங் என்ற வரி இருந்தால், கழற்றியபோது எடுத்த படத்தையும் ஸ்கேனர் காட்டிய எண்களையும் கேளுங்கள். துடைக்கத் தேவையில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புகிற மெக்கானிக் கிடைத்தால், பார்த்துச் சொன்னதற்கான காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.