மிளகின் ஏட்டை வாசிப்பவர்கள்



கரிமுண்டா, நீலமுண்டி என்று கொடிக்கொரு பெயர் சொல்லி மிளகை அடையாளம் காட்டுவார்கள் இடுக்கி விவசாயிகள். மேற்குத் தொடர்ச்சி மலைதான் அந்தக் கொடியின் பிறந்த வீடு. ஆனால் மிளகின் மரபணுத்தொகையை 26 குரோமோசோம்களாக அடுக்கி 2019இல் வெளியிட்டது, சீனத்து ஹைனான் தீவை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு. அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. உழைத்தார்கள், உலகத்துக்கே திறந்தும் வைத்தார்கள். என் மனத்தை அரிப்பது வேறு. அதே வேலையைச் செய்யத் தெரிந்த நம் பிள்ளைகள் கடல் கடந்து, போஸ்ட்டாக் எனப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கீட்டு உயிரியலுக்குக் கணினியும் இணையமும் போதுமே, ஊரிலிருந்தே செய்யலாமே என்று கேட்கலாம். தரவுக்குப் பஞ்சமில்லை என்பது மெய்தான். ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இல்லாதது, நிலைத்து உட்கார ஒரு நாற்காலி. தேசிய போஸ்ட்டாக் நல்கை 2 ஆண்டு. அதற்கும் 35 வயது வரம்பு. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கான ராமலிங்கசுவாமி நல்கை 5 ஆண்டு. அதன்பின் வேலைக்கு உறுதி கிடையாது. ஒரு பரிசோதனை ஒரு கட்டுரையோடு முடிந்துபோகலாம். தரவுத்தளம் அப்படியல்ல, வருஷக்கணக்காக ஒருவர் கூடவே இருந்து பேண வேண்டும். அதன் நிரலை எழுதியவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டால் அதைத் திறந்து பார்க்கவும் ஆளிருக்காது.

வெளிநாட்டுப் பயிற்சி வீண் என்று நான் வாதிடவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவரான பிறகு உயிரியலுக்கு மாறியவர். யேல் பல்கலைக்கழகத்து போஸ்ட்டாக் காலம்தான் அவரை ரைபோசோமிடம் சேர்த்தது. ஆனால் அதன்பின் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்காமல் நின்றவரும் அவரே. 2009இல் நோபல் வரை போன அந்த ஆராய்ச்சியைப் பல ஆண்டு தாங்கியது, ப்ரூக்ஹேவன் ஆய்வகம் தந்த நிலையான பணி. நம் மண்ணிலேயே இன்னொரு சான்று உண்டு. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், புரதங்களின் வடிவத்தைக் கணக்கால் கணித்த தம் வரைபடத்தை 1963இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே 1952 முதலே அவர் துறைத்தலைவர்.

தரவுதான் பொதுவாயிற்றே, யார் வாசித்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. சீனர்கள் முதன்மையாக வாசித்தது அவர்கள் பயிரிடும் வகையை. இங்கே மழைக்காலத்து வாடல் நோயில் ஒரு கொடி கருகி விழ, அடுத்த கொடி பச்சையாக நிற்பது ஏன் என்ற கேள்வி, தோட்டத்துக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பவருக்கே எழும். இடுக்கி மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலக்காட்டில் 2015 முதல் ஐஐடி. இரண்டுக்கும் பொதுவாக, ஓய்வு வயதுவரை நீடிக்கும் ஒரே ஒரு கணக்கீட்டு உயிரியலாளர் பணியிடம் போதும், தொடங்குவதற்கு. ஏலத்தின் கட்டே நோயும் மிளகின் வாடலும் அவர் மேசையில் இருக்கட்டும். கட்டப்பனையிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும், ஏன், பாஸ்டனிலிருந்தும் அதற்கு விண்ணப்பங்கள் வரும்.