கிரவல் வீதியும் சைக்கிள் ரயரும்

(பழைய மாணவர் ஒருவர்)

சைக்கிள் வாங்கச் செல்வோர் முதலிற் பார்ப்பது நிறத்தை. பின்பு பார்ப்பது பெயரை. விலையைக் கேட்டபின் பார்ப்பது தம் சட்டைப்பையை. ரயரை உற்றுப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் வண்டியையும் அதன்மேல் இருப்பவனையும் நிலத்தோடு பொருத்தி வைப்பவை இரண்டு ரயர்கள் மட்டுமே. அவை நிலத்தைத் தொடும் இடமும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேற்படாது. அவ்வளவு சிறிய இடத்திலேதான் ஓட்டத்தின் வெற்றியும் தோல்வியும், சில வேளைகளில் ஓர் உயிரின் கதியுங்கூட, தங்கியிருக்கின்றன. கல்லூரி விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, சமயமும் தமிழும்பற்றி எழுதத் தகுதியுடையோர் பலர் உளராதலின், நான் ஓரளவு அறிந்த இச்சிறு பொருளை எடுத்துக்கொண்டேன்.

மேனாடுகளில் இன்று கிரவல் ஓட்டம் என்றொரு சைக்கிள் ஓட்டம் பெருகி வருகின்றது. கிரவல் என்ற சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தார் காணாத, செம்மண்ணும் சிறுகல்லும் கொட்டி இறுக்கிய வீதியை வன்னியிற் பிறந்த எந்தச் சிறுவனும் கிரவல் வீதி என்றே சொல்வான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டமொன்று, இன்று அன்பவுண்ட் என்ற பெயருடன் நடைபெறுகின்றது. அதன் தலையாய பிரிவில் 200 மைல், அஃதாவது ஏறக்குறைய 320 கிலோமீற்றர், ஒரே நாளில் ஓடவேண்டும். அப்பகுதிக் குன்றுகள் சக்கிமுக்கிக் கல்லாற் பெயர்பெற்றவை. அக்கற்களின் விளிம்பு ரயரின் விலாவைக் கத்திபோலக் கீறிவிடும். 2023ஆம் ஆண்டு மழை பெய்து, வீதி களிச்சேறாகி, சக்கரங்கள் சுழலாமல் நிற்க, வீரர்கள் வண்டியைத் தோளிற் சுமந்து நடந்தனர். 2022ஆம் ஆண்டு இத்தாலியில் இவ்வகை ஓட்டத்துக்கு முதலாவது உலக வீரர் போட்டியும் நடந்தேறியது. பெல்ஜியத்தின் ஜியானி வெர்மீர்ஷ் ஆடவருள்ளும், பிரான்சின் போலின் பெரான் பிரெவோ மகளிருள்ளும் முதலிடம் பெற்றனர்.

இவ்வோட்டத்தில் வீரனை வாட்டும் முதற்கேள்வி, எந்த ரயரைப் பூட்டுவது என்பதே. ஒடுங்கிய ரயரில் இறுக்கமாகக் காற்றடித்தால் வண்டி விரைந்தோடும் என்பதே நெடுங்காலம் ஓட்டவீரர்தம் துணிபு. 23 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயரிற் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலுக்கு மேலாகக் காற்றடித்து அவர்கள் ஓடினர். கண்ணாடிபோன்ற தளத்தில் அக்கொள்கை ஓரளவு பொருந்தும். கல் நிறைந்த வீதியில் நிகழ்வது வேறு. இறுகிய ரயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் அதன்மேல் இருப்பவனையும் ஒருசேர மேலே தூக்கி எறிகின்றது. முன்னே செல்லவேண்டிய வலு மேலும் கீழுமாக வீணாகி, ஓடுபவனது தசையையும் என்பையும் அலைத்து அழிகின்றது. அகன்று மெத்தென்ற ரயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு கடந்து செல்கின்றது. கல்லை ரயர் விழுங்கவேண்டும். அல்லாவிடின் கல் நமது வலுவை விழுங்கும். ஆதலாற்றான் இன்று கிரவல் ஓட்டத்தில் 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள ரயர்களை விரும்புகின்றனர். மலைச் சைக்கிளுக்குரிய 2.2 அங்குல ரயரைப் பூட்டி ஓடுவோரும் உளர்.

நிற்க. நம் பாட்டன்மாரும் தந்தையரும் ஏறித்திரிந்த அந்தப் பெரிய கறுத்தச் சைக்கிளின் ரயரில் 28 × 1½ என்று பொறித்திருந்ததைக் கண்டவர் பலர். அவ்வளவு ரயரை இன்றைய முறைப்படி குறித்தால் 40-635 என்று வரும். 40 என்பது மில்லிமீற்றரில் அகலம். மேனாட்டு வீரர் ஒரு நூற்றாண்டு சுற்றி வந்தடைந்த அகலம், நம்மூர் விதானையாரும் தபாற்காரரும் தோட்டக்காரரும் என்றும் ஓட்டிய அகலமேயாம். தாரில்லா வீதிக்கென ஆக்கிய வண்டியாதலின் அஃது அவ்வாறு அமைந்தது.

அகலம் பாதி, காற்று மறுபாதி. ஒரே ரயர், அடிக்கும் காற்றின் அளவால் இரண்டு ரயர்களாக மாறும். நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு, 40 மில்லிமீற்றர் ரயரிற் கிரவல் வீதிக்கு 30 முதல் 40 இறாத்தல் போதும். பின்சக்கரமே கூடிய பாரத்தைத் தாங்குவதால் அதற்குச் சற்றுக் கூட்டியும், முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைத்தும் விடுதல் முறை. மிகக் குறைத்தாலும் கேடுண்டு. கல்லில் மோதும்போது றிம் நிலத்தை முட்டி, ரியூப்பை நெரித்து, அருகருகே இரண்டு துளைகளை இட்டுவிடும். பாரத்தின் அளவறிதல்பற்றி வள்ளுவர் வண்டியின் அச்சை வைத்துக் கூறியதை நாம் வகுப்பிற் படித்தோம். ரயருக்கும் அவ்வறிவுரை பொருந்தும் என்பதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று.

கொட்டாஞ்சேனையிற் பிறந்து இக்கல்லூரியின் கீழ் வகுப்புகளிற் கற்ற நான், 1983 ஆடிக் கலவரத்தின்பின் பெற்றோருடன் யாழ்ப்பாணம் சென்றவருள் ஒருவன். 1990இன் பின் அங்கே எரிபொருள் அருகியது. அக்காலத்திற் சைக்கிளே பேருந்து, சைக்கிளே பாரவண்டி, அதன் டைனமோவே வானொலிக்கு மின்சாரம். 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நாங்களும் எங்கள் உடைமைகளை ஒரு சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு புறப்பட்டோம். 1996இன் முற்பகுதியில் அக்கராயன் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். அப்பொழுது பன்னிரண்டு வயதான என் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அவள் பிதற்றத் தொடங்கினாள். கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதாயின் அந்த ஒரு சைக்கிளே கதி.

அதன் பின்ரயர் முதல் வாரமே கல்லிற் கீறுண்டு விலாவில் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. புதிது வாங்க வழியில்லை. என் தந்தையார் அந்தப் பிளவை நைலோன் நூலால் நெருக்கித் தைத்தார். ஒரு பழைய ரயரிலிருந்து உள்ளங்கையளவு துண்டை வெட்டி, விளிம்பைச் சீவி, தையலுக்கு உட்புறத்தில் வைத்தார். அதனோடு அமையாது, இரண்டு சக்கரங்களையும் கழற்றி ரயர்களை மாற்றினார். நல்ல ரயர் பின்னுக்குச் சென்றது. தைத்த ரயர் முன்னுக்கு வந்தது. ஏன் என்று கேட்டேன். "தம்பி, பிள்ளை பின்னாலதானே இருக்கப்போறாள். பாரம் போற இடத்துக்கு நல்லது போகவேணும். முன்னுக்குக் காத்தைக் கொஞ்சம் இளக்கி விடுறன், கல்லைக் கண்டால் நீ இறங்கி உருட்டு" என்றார். பின்ரயரிற் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துப் பார்த்து நெடுநேரம் காற்றடித்தார். அவரிடம் அளவுமானி எதுவும் இருக்கவில்லை, பெருவிரலே மானி.

விடியுமுன் புறப்பட்டேன். கரியரில் தலையணையை மடித்து வைத்து அவளை இருத்தி, ஒரு சேலையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினார் தாயார். கிரவல் வீதி அடைமழையால் அரிக்கப்பட்டு, மண் போய்க் கல் மட்டும் எஞ்சியிருந்தது. எத்தனை முறை இறங்கினேன், எத்தனை முறை ஏறினேன் என்பது நினைவில்லை. முன்சக்கரத்தின் தையலை மட்டுமே பார்த்துக்கொண்டு மிதித்தது நினைவிருக்கின்றது. அத்தையல் ஒவ்வொரு சுற்றிலும் மேலே வந்து என்னைப் பார்த்துவிட்டுக் கீழே போயிற்று. காற்றுப் போகவில்லை. நண்பகலுக்கு முன் வைத்தியசாலையை அடைந்தோம்; அவள் பிழைத்தாள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு அறிவித்த செய்தியைப் படித்த அன்று, என் நினைவுக்கு முதலில் வந்தது அந்தத் தைத்த ரயரே.

அத்தங்கை இன்று கனடாவில் வாழ்கின்றாள். அவள் மகன் கிரவல் ஓட்டங்களில் ஈடுபாடுடையவன். ஓட்டமொன்றுக்கு ஆயத்தமானபொழுது தொலைபேசியில் என்னுடன் ரயர்களைப்பற்றி நெடுநேரம் உரையாடினான். அவனிடமிருந்து நான் கற்றவையும் உண்டு. ரயரின் மேற்றடத்திலுள்ள புடைப்புகளையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். உண்மையில் அதன் உடலாகிய நூற்கட்டே ஓட்டத்தை மிகுதியும் தீர்மானிக்கின்றது. நெருக்கமான மெல்லிய நூலாலான உடல் இலகுவாக வளைந்து விரைந்தோடும். ஆனாற் கூரிய கல்லுக்கு அஞ்சும். தடித்த உடல் மெதுவாக ஓடும். ஆனால் ஊர்போய்ச் சேரும். இறுகிய காய்ந்த வீதிக்கு நடுவில் வழவழப்பும் ஓரத்திற் சிறு புடைப்பும் போதும். சேறானால் இடைவெளி மிகுந்த புடைப்புகள் வேண்டும். அவற்றோடு ரயருக்கும் பிறேமுக்கும் இடையிற் சேறு கழியவும் இடம் வேண்டும்.

இக்கால வீரர் ரியூப் இன்றியே ஓடுகின்றனர். ரயருக்குள் ஒருவகைப் பாலை ஊற்றுகின்றனர். முள் குத்தினால் அப்பால் துளைக்குள் ஓடி உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அஃது இறப்பர்ப் பாலே. பிரேசில் விதையிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர் நாற்றுகள் 1876ஆம் ஆண்டு கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அதன்பின் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1888இல், டன்லொப் என்னும் மிருகவைத்தியர் பெல்பாஸ்ற் நகரிலே தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரயரை அமைத்தார். தொம்சன் என்பார் 1845இலேயே அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தாராயினும், அதனை உலகம் அப்போது பொருட்படுத்தவில்லை. 1889இற் பெல்பாஸ்ற் ஓட்டங்களில் அக்காற்று ரயர் வென்றபின்னரே உலகம் நம் தீவின் இறப்பர் மரத்தைத் திரும்பிப் பார்த்தது எனலாம்.

பக்கம் கிழிந்தால் அந்தப் பாலும் அடைக்காது. அப்பொழுது என்ன செய்வாய் என்று மருமகனைக் கேட்டேன். "ஒரு பழைய ரயர்த் துண்டு பையில வைச்சிருக்கிறன் மாமா, உள்ளுக்கு வைக்க. எல்லாரும் வைச்சிருப்பினம்" என்றான். நான் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு அவன், "அம்மாவை ஏத்திக்கொண்டுபோன ரயர் என்ன சைஸ்?" என்று கேட்டான். 28 × 1½. நாற்பது மில்லிமீற்றர் என்றேன். "நானும் நாற்பதுதான் போட்டிருக்கிறன்" என்றான்.

இவற்றை இம்மலரில் எழுதுவதற்குக் காரணமுண்டு. 2022இல் எரிபொருள் இல்லாது கொழும்பு தத்தளித்தபோது, வெள்ளவத்தைக் காலி வீதியிற் பல்லாண்டுகளாக மூலையிற் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. மாணவர் சிலர் கூடிச் சவாரி செல்லவும் தொடங்கினர். அவர்களுள் ஒருவன் தகப்பனாரின் பழைய கறுத்தச் சைக்கிளில் வந்து, அதனை மற்றவற்றோடு நிறுத்தாமல் மதிலுக்கு அப்பால் மறைத்து நிறுத்துவான். "அது ஓட்டத்துக்கு உதவாது சேர்" என்றான். அவனுக்கும் அவன்போன்றோர்க்கும் சொல்வேன்: கிரவல் வீதிக்கு உன் ரயர் உதவும். விலை உயர்ந்த ரயரின்றி ஓட முடியாது என்று எவரேனும் சொல்வாராயின், அவர் வீதியை அறியாதவர்.

வாங்குவோர்க்கு ஒரு சொல். டாம் வீதிச் சைக்கிட் கடைகளுக்குச் சென்று வெறுமனே 26 ரயர் தருக என்று கேளாதீர். மலைச் சைக்கிளின் 26க்கு றிம் அளவு 559. பழைய ஸ்போர்ட்ஸ் சைக்கிளின் 26 × 1⅜க்கு 590. ஒன்று மற்றதிற் பொருந்தாது. பெரிய கறுத்தச் சைக்கிளுக்கு 635. இக்காலக் கிரவல் வண்டிக்குப் பெரும்பாலும் 622. ரயரின் விலாவில் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்து, விலாவைக் கையால் மடித்து வெடிப்புண்டா என்று பார்த்து, அதன்பின் விலை பேசுக. வீதியின் நல்ல பகுதியை நினைத்து ரயரைத் தெரியற்க. மிகக் கெட்ட பகுதியை நினைத்துத் தெரிக. ஓடுபவனின் எடையையும், ஏற்றிச்செல்லும் பாரத்தையும் எண்ணிக் காற்றடிக்க. ஒரு பழைய ரயர்த் துண்டைப் பையில் வைத்துக்கொள்க.

வேகம் நல்லது, வெற்றியும் நல்லது. ஆயினும் இடையில் நின்றுபோகும் விரைவான ரயரினும், ஊர் சேர்க்கும் மெதுவான ரயரே முந்தியது. விழாக் காணும் நம் கல்லூரியின் மாணவர் எத்தகைய வீதியிற் செல்ல நேரினும் தளராது சென்று சேர்வாராக.