நிழலில் ஒரு வெப்பமானி

'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய தந்தையார் தாமஸ் ஸ்டீவன்சனைத்தான் இலக்கிய உலகம் அதிகம் பேசுவதில்லை. ஸ்காட்லாந்தின் பாறைக் கரைகளில் கலங்கரை விளக்கங்கள் எழுப்பிய குடும்பம் அது. பாட்டனார் ராபர்ட் கட்டிய பெல் ராக் விளக்கம் 1811இல் முதன்முதலாக ஏற்றப்பட்டது. பேரனும் பொறியியல்தான் படிக்கத் தொடங்கினார். 1871இல் அதைக் கைவிட்டுத் தந்தையை வருத்தினார். அந்த வருத்தத்தால் உலகுக்குக் கிடைத்த கதைகளை நாம் அறிவோம். தந்தை விட்டுச்சென்றவற்றுள் ஒன்று ஒரு மரப்பெட்டி. வெள்ளை பூசியது, நாற்புறமும் இரட்டை அடுக்குச் சாய்பலகைகள் கொண்டது. காற்று உள்ளே நுழைந்து வெளியேறும், வெயில் நுழையாது. அதற்குள் தொங்கும் வெப்பமானி காற்றின் வெம்மையை மட்டும் சொல்லும். வெயிலில் நிறுத்திய வெப்பமானியோ தான் எவ்வளவு காய்ந்துபோனேன் என்பதைத்தான் சொல்லும். செய்தித்தாளில் நாம் காணும் வெப்பநிலை எண்கள் யாவும் இவ்வாறு நிழலில் எடுத்தவை.

இப்பெட்டியை நாம் நினைக்க நேர்ந்தது ஒரு பழைய மாணவரால். இயற்பியல் இளங்கலையில் பகுதி ஒன்று தமிழை நம்மிடம் படித்தவர். இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிக்கிறார். வீட்டுக் கார்க் கொட்டகையில் இரண்டு பேர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டி முடித்திருக்கிறார். அந்நாட்டில் அதற்கு விதி இடங்கொடுக்கிறது. பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கையால், கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால் போதும். அவருக்குச் சனி மாலை, நமக்கு ஞாயிறு காலை. அந்த நேரத்தில் தொலைபேசுவார். பல மாதங்கள் ரிவெட்டுகளைப் பற்றியே பேசினார். பிறகு ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்: சுண்டுவிரல் நுனியளவே உள்ள வெப்ப உணரி. அதை விமானத்தில் எங்கே பொருத்துவது?

இதற்கு இவ்வளவு கவலையா என்றுதான் முதலில் தோன்றியது. கடலினும் குளிர்ந்த காற்று சுற்றிலும் கிடக்க, எங்கே வைத்தால் என்ன? "ஐயா, நான் காற்றை அளக்கப் போகிறேன். ஆனால் என் விமானமே ஓர் அடுப்பு" என்றார் அவர்.

உண்மைதான். மூக்கில் எஞ்சின். அதைக் குளிரவைத்த காற்று வெந்து, மூடியின் அடியிலும் இடுக்குகளிலும் கசிந்து, உடலை ஒட்டியே பின்னோக்கி ஓடுகிறது. வயிற்றுப்புறத்தில் புகைக்குழாய். மேற்புறம் வெயிலில் காய்ந்த அலுமினியத் தகடு. அதில் உணரியைத் திருகினால் தகட்டின் சூடு திருகாணி வழியே ஏறிவிடும். ஆகவே இடையில் ஒரு நைலான் வளையம் வேண்டும். ஸ்டீவன்சனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. ஆனால் பெட்டி செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

அதோடு தீரவில்லை. நிழலும் காற்றோட்டமும் கிடைத்த பிறகும், வேகம் தன் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கிறது. ஓடிவந்து மோதும் காற்று உணரியின் முன் தடைபட்டு அழுந்தும்போது சூடாகிறது. மணிக்கு 80 கடல்மைல் வேகத்தில் இந்த ஏற்றம் ஒரு டிகிரிக்கும் குறைவு. 160 கடல்மைலில், அதாவது ஏறத்தாழ 300 கிலோமீட்டரில், மூன்று டிகிரியைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. எவ்வளவு நல்ல உணரியானாலும் இதிலிருந்து தப்ப இடமில்லை. கணக்குப் போட்டுக் கழிக்கத்தான் வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கழிப்பதற்குக் காற்றினூடான உண்மை வேகம் தெரிய வேண்டும். அந்த வேகத்தைக் கணிக்க வெப்பநிலை தெரிய வேண்டும். நல்லவேளையாக, வெப்பநிலையில் மூன்று டிகிரி பிழைத்தாலும் வேகத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் பிழைக்கும். சுற்றிச் சுற்றி வந்தால் விடை கூடிவிடும்.

மூன்று டிகிரிக்கு உயிர் போகுமா? போகும். மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் சுழியத்துக்குக் கீழும் உறையாமல் மிதப்பதுண்டு. விமானம் தொட்டவுடன் இறக்கையில் பனிக்கட்டியாக ஒட்டும். பெரிய விமானங்களில் அதை உருக்கவும் உடைக்கவும் வழியுண்டு. கொட்டகையில் பிறந்த இந்த ஊர்திக்கு இல்லை. காட்டியில் இரண்டு டிகிரி என்று கண்டு ஒருவர் மேகத்துக்குள் நுழைகிறார். வெளியே உண்மையில் சுழியத்துக்குக் கீழே ஒன்று. அவர் போக விரும்பும் ஊர்களில் ஒன்றான ஃபிளாக்ஸ்டாஃபின் விமான நிலையம் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அரிசோனா என்றதும் பாலை என்றே எண்ணியிருந்த நமக்கு, அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும் என்பதே செய்தி. அந்த இரண்டாவது இருக்கை அவருடைய ஒன்பது வயது மகளுக்கு.

முதலில் பக்கவாட்டில், அறைக்குள் காற்று வரும் துளையின் உட்புறத்தில் பொருத்தினார். நிழல் உண்டு, காற்றோட்டம் உண்டு, பலரும் செய்வதுதானாம். பறக்கவிடும் முன் உணரியைப் பிளாஸ்கில் நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் நீரும் இட்டு அமிழ்த்திப் பார்த்தார். சுழியத்தைச் சரியாகவே காட்டியது. ஆக உணரியில் குறையில்லை. ஆனால் மேலே போய்த் துளையை மூடினால் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறியது. திறந்தால் இறங்கியது. வெளிவானத்துக்கு இவர் சன்னலைச் சாத்தியது எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை அவர் சொன்ன வாரத்தில் நாம் வகுப்பில் பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்தோம். உடன்போக்கில் மகளைப் பறிகொடுத்த செவிலி, அவள் நடந்துபோன காட்டின் வெம்மையைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறாள். அவள் அந்தக் காட்டில் இல்லை; வீட்டு முற்றத்தில் நிற்கிறாள். மகளோ காதலனோடு நடக்கும்போது அந்த வெயிலைப் பொருட்படுத்தினாளா என்பதே ஐயம். உரையாசிரியர்கள் துறைக்குறிப்பில் கூற்று யாருடையது என்று முதலில் எழுதிவைத்தது வீணுக்கல்ல. வெம்மையை எங்கிருந்து அளந்தார்கள் என்பதை நம்மிடம் சொல்லிவிடுகிறார்கள். மாணவரிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் என் செவிலியை இடம் மாற்றுகிறேன் ஐயா" என்று சிரித்தார்.

மாற்றினார். இடது இறக்கையின் அடியில், புரொப்பெல்லர் தள்ளும் காற்றுக்கும் புகைக்கும் எட்டாத தொலைவில், சோதனைத் துளையின் மூடியில். விதிப்படி பயணி எவரையும் ஏற்றாமல் தனியே பறந்து தீர்க்க வேண்டிய மணிநேரங்கள் அவருக்கு மீதமிருந்தன. விடியற்காலையில், காற்று அசையாத வேளையில், ஒரே உயரத்தில், ஒரே வட்டாரத்தில் மூன்று வேகங்களில் பறந்து ஒவ்வொன்றிலும் காட்டி நிலைகொள்ளும்வரை காத்திருந்தார். வேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே வெப்பநிலையைக் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டைச் சுழிய வேகத்துக்கு நீட்டினால், விமானமே இல்லாதபோது அங்கே இருந்திருக்கும் வெப்பம் கிடைக்கும். பழைய இடத்தில் புள்ளிகள் சிதறியிருந்தன. புதிய இடத்தில் கோட்டில் உட்கார்ந்தன.

இப்போது அந்தக் காட்டியின் கீழே ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறதாம். படம் அனுப்பியிருந்தார். மேலே தமிழில் 'கழிக்க' என்ற ஒரு சொல். கீழே மூன்று வரி: 80க்கு 0.7, 120க்கு 1.7, 160க்கு 3. வலப்பக்க இருக்கையில் இன்னும் மணல் மூட்டைதான் அமர்ந்திருந்தது.