ஏலத்தோட்ட ஜீப்பும் யானைக் கூட்டமும்... கொழுக்குமலைக்குப் போன சுருளிப்பட்டி குடும்பம்!

தேனி மாவட்டம், சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் குடும்பம் அது. அறுவடை முடிந்து, அடுத்த கவாத்துக்குக் கொடிகளை ஆறப்போட்டிருந்த நாள்கள். திராட்சைக்காரர்களுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வருஷத்தில் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். அந்த இடைவெளியில் கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய்வரலாம் என்று முடிவானது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், நாலாம் வகுப்பு மகள், எழுபதைத் தாண்டிய அப்பத்தா என ஐந்து பேர்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது மகள்தான். அதற்குக் காரணம் சூரிய உதயமோ தேயிலையோ இல்லை. சூரியநெல்லிக்குப் பக்கத்தில்தான் சின்னக்கானல் இருக்கிறது, அது 'அரிக்கொம்பன்' ஊர் என்று அவள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி, 'கொம்பன்' என்றால் தந்தம் உள்ள ஆண் யானை. சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய யானை அது. கேரள வனத்துறை 2023 ஏப்ரல் 29-ம் தேதி அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27-ம் தேதி கம்பம் நகரத் தெருக்களில் அது ஓடியது. அந்த ஓட்டத்தில் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். 144 தடை உத்தரவு போட்டார்கள். அடுத்த சில நாள்கள் சுருளிப்பட்டி, சண்முகாநதி அணை எனச் சுற்றிய யானையை, ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அப்பர் கோதையாறில் கொண்டுபோய் விட்டது.

அந்த நாள்களில் தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இந்தக் குடும்பத்தின் பந்தலில் பழம் பழுத்துத் தொங்கியது, பறிக்க ஆள் வரவில்லை. யானை அவர்கள் பந்தலைத் தொடக்கூட இல்லை, ஆனாலும் நஷ்டம் வந்து சேர்ந்தது. அதிலிருந்து யானை என்ற சொல் வந்தாலே அப்பா பேச்சை மாற்றிவிடுவார். பயணத்துக்கு அவர் சம்மதித்ததே மகளின் முகத்துக்காகத்தான்.

கூலிக்கு ஏறிய ஜீப்

கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம், பூப்பாறை என்று போகலாம். ஆனால், அப்பத்தா போடி வழியாகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தேவாரம், போடி தாண்டி மலையேறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலை என்பதால் சாலை நன்றாகவே இருக்கிறது. போடிமெட்டைத் தாண்டியதும் நிழல்மரங்களுக்குக் கீழே ஏலச்செடிகள் ஆரம்பிக்கின்றன. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்வுசெய்து உருவாக்கிய 'ஞள்ளானி' ரகம் இந்த மலைகளின் ஏல விளைச்சலையே மாற்றியது. விளையும் காய் ஏலத்துக்கு வருவது கீழே போடிக்கும் இடுக்கியில் உள்ள புற்றடிக்கும்.

கல்யாணமான புதிதில் அப்பத்தா இந்த மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போனவர். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் கிளம்பும். ஒரு வண்டியில் பதினைந்து, இருபது பெண்கள்கூட நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள், இருட்டுக்குள் திரும்புவார்கள். இன்றைக்கும் அந்த ஜீப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சூரியநெல்லியில் இரவு தங்கல். காலை நாலரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. வாடகை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. பின்பக்கக் கதவில் கால் வைத்து ஏறும்போது அப்பத்தா சிரித்துவிட்டார். "நாங்க கூலி வாங்க ஏறுன வண்டி. இப்ப காசு குடுத்து ஏறுறீங்களேடா!"

ஓட்டுநர் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மூன்று தலைமுறையாக எஸ்டேட் லயத்தில் இருப்பவர்கள். "பாட்டிக்கு நடு சீட்டு குடுங்கண்ணே. பின்னாடி தூக்கிப் போடும்" என்றார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. கொழுக்குமலைப் பாதை என்பது பாதையே இல்லை. தலையணை அளவு கற்கள், அவற்றுக்கு நடுவே மழை அரித்த பள்ளம், ஒருபக்கம் தேயிலைச் சரிவு. நான்கு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டுவிட்டு, நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் ஏறுகிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. எழுபது வயது அப்பத்தா எப்படிப் போனார் என்றால், வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்கும் பழைய பழக்கம் அவருக்கு விட்டுப்போகவில்லை. கல்லூரி மகனுக்குத்தான் தலையில் இரண்டு இடி.

தமிழ்நாட்டு மண், கேரளத்துப் பாதை

உச்சியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே நின்று பார்த்தால் கீழே மேகம் பஞ்சு விரித்ததுபோலக் கிடக்கிறது. வாயைப் பிளந்த புலியின் தலைபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே படம் எடுக்கத்தான் கூட்டம். வடமேற்கில் தெரியும் பெரிய மலை மீசைப்புலிமலை, 2,640 மீட்டர். வரையாடுகள் வாழும் மலைத்தொடர் இது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 இருந்தது. அன்றைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

மேகம் விலகியதும் கீழே போடிப் பக்கத்துச் சமவெளி தெரிந்தது. கொழுக்குமலை நிலம் தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகாவைச் சேர்ந்தது. ஆனால், சக்கரம் உருள வேண்டுமானால் கேரளா வழியாகத்தான் வர வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து இருப்பது குரங்கணியிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதை மட்டுமே. 2018 மார்ச் 11-ம் தேதி அந்தச் சரிவில் பிடித்த காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பது மலையடிவார விவசாயிகளுக்குத் தெரியும். அப்பத்தா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

1930-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இங்கே இன்னும் ஓடுகிறது. டீக்கடைத் தூளுக்கான 'சி.டி.சி' முறை இல்லை. இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறை. உயரத்தின் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது என்கிறார்கள். ஆளுக்கொரு டீ குடித்தார்கள். "பால் ஊத்தாம இதுக்குப் பேரு டீயா?" என்று அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

நாற்பது நிமிடம்

திரும்பும்போது மணி ஒன்பது இருக்கும். சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் ஒரு வளைவு. ஓட்டுநர் திடீரென வண்டியை நிறுத்தினார். பாதையில் ஆவி பறக்கும் சாணம். பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்டது, கிளை ஒடியும் சத்தம்.

முதலில் ஒரு பெண் யானை பாதையில் இறங்கியது. அதன் பின்னால் இன்னும் மூன்று. நடுவே, தாயின் வயிற்றுக்குக் கீழே, ஒரு குட்டி. ஜீப்புக்கும் யானைக்கும் நூறு அடிகூட இருக்காது. ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கமாகவே வண்டியை எடுத்து, மேலே அகலமான ஓர் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். "யாரும் இறங்காதீங்க. போன்ல வெளிச்சம் வேணாம். சத்தம் வேணாம்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பின்னால் இன்னொரு ஜீப் வந்து சேரும் வரை. உள்ளேயிருந்த இளைஞர்களில் ஒருவர் யானையைப் பார்த்த உற்சாகத்தில் விசிலடித்தார். முன்னால் நின்ற பெண் யானை சட்டென்று திரும்பியது. காது இரண்டும் முறம்போல விரிந்தன. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நாலைந்து எட்டு மேலே ஏறி வந்து, தரையை உதைத்து நின்றது. மகள் அப்பத்தாவின் மடியில் முகம் புதைத்தாள். அம்மாவின் கை கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் வந்த ஓட்டுநர் மெதுவான குரலில் அந்த இளைஞரை அதட்டினார். அதன் பிறகு இரண்டு ஜீப்பிலும் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

யானை அப்படியே நின்றது. ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு காதை மடக்கி, குட்டியின் பக்கம் போய்விட்டது.

"குட்டி வச்சிருக்கா. பசுவும் கன்னு போட்டிருந்தா முட்டத்தானே செய்யும்?" என்றார் அப்பத்தா, காதோடு காதாக.

கூட்டம் உடனே போகவில்லை. பாதையோரப் புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றன. குட்டிக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. புல்லைப் பிடுங்குவதும் நழுவவிடுவதுமாக இருந்தது. மகள் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். அப்பாவும் பார்த்தார். மே மாதத்து அந்த நாள்களில் ஊரே நடுங்கியபோதும் அவர் யானையை நேரில் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. நாற்பது நிமிடம் கழித்து, தேயிலைச் செடி எதையும் தின்னாமல், வரிசைகளுக்கு நடுவே ஒன்றன் பின் ஒன்றாக இறங்கிப் போயின.

"அணைக்குத் தண்ணிக்குப் போகுதுக. கீழ இருக்கிற அணைக்குப் பேரே ஆனையிறங்கல் தானே!" என்றார் ஓட்டுநர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. அந்த அணையைச் சுற்றித்தான் 2000-களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. '301 காலனி' என்றே பெயர். யானைகள் காலங்காலமாக நடமாடும் இடம் என்பதால் பல குடும்பங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறின. யானைக்கும் அங்கே நிம்மதி இல்லை, கொடுத்த நிலத்தை நம்பிப் போனவர்களுக்கும் இல்லை. அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் சக்கக்கொம்பன் இருக்கிறான் என்றார் ஓட்டுநர். பலாப்பழப் பிரியன் என்பதால் அந்தப் பெயர்.

கம்பி விசாரணை

சூரியநெல்லியில் இறங்கியதும் அப்பா ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது வேலியைப் பற்றி. அவர் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. மோட்டார் கரன்ட்டிலிருந்து ராத்திரிக்கு மட்டும் ஒரு கம்பி இழுத்துவிட்டால் போதும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் யோசனை சொல்லியிருந்தார். கம்பிகூட வாங்கி வைத்தாகிவிட்டது.

"அத மட்டும் செஞ்சிராதீங்கண்ணே. பன்னிக்கு வைக்கிற கம்பி, பன்னிய மட்டும் பார்த்தா பிடிக்கும்?" என்றார் ஓட்டுநர்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே நடந்தது இதுதான். தோட்டத்தில் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் தவித்து நின்றன. தோட்டக்காரர் கைதானார். இப்படிப்பட்ட கம்பியில் யானை மட்டும் சாவதில்லை. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் மாட்டிக்கொள்கிறார்.

சூரிய மின்வேலி வேறு. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை எனர்ஜைசர் கருவி விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும். தொட்ட விலங்குக்குச் சுள்ளென்று அடி விழும், உயிர் போகாது. ஆனால், தமிழ்நாட்டில் 2023-ல் வந்த விதிகளின்படி காட்டை ஒட்டிய நிலங்களில் இதற்கும் வனத்துறையிடம் பதிவும் அனுமதியும் வேண்டும். போட்டால் மட்டும் போதாது. கம்பியில் புல், கொடி தொட்டால் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும் என்பதால் வேலியடியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கற்றுக்கொண்ட கொம்பன்கள் கம்பத்தையே சாய்ப்பதும் உண்டு. அதனால்தான் மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் வேலியைச் சில இடங்களில் அமைக்கிறார்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள், சர்வே எண்ணை எழுதிக்கொண்டு அவர் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்வந்தார். மோட்டார் அறையில் கிடந்த கம்பிச் சுருள், பந்தலில் தளர்ந்திருந்த இரண்டு வரிசைகளை இழுத்துக் கட்டப் பயன்பட்டது. கவாத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.