ரதம் நின்றது சாமி குத்தம் இல்லைங்க

போன திருவிழாவில் நம்ம ரதம் சிலிம் ரிவர் ரோட்டில் நின்றதும் சாமி குத்தம் என்றார்கள். இல்லைங்க, குத்தம் என்னுடையது. டீசல் திருடு போகுமே என்று டிரக்டர் டேங்கை வருஷம் முழுக்க காலியாகப் போட்டு வைத்தேன். காலி டேங்கில் காற்றின் ஈரம் ராத்திரியில் வேர்த்து, துரு பிடித்து, ஃபில்டரை அடைத்துவிட்டது. டீசலில் கலக்கும் செம்பனை பயோடீசலும் ஈரத்தை இழுக்கும்.

இந்த வாரம் டேங்கைக் கழற்றி, பழைய நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்துக் குலுக்கினோம். வந்தது தேத்தண்ணி மாதிரி! ஆப்ப சோடா தண்ணியில் அலசி, நல்லா காயவைத்து, உடனே டீசல் ஊற்றிச் சுழற்றினோம். விட்டால் மறுபடி துரு பூத்துவிடும்.

இனி டேங்க் எப்போதும் நிறைந்திருக்கும், மூடிக்குப் பூட்டு. மாதம் ஒருமுறை ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை இறக்க இளைஞர் இருவர் வேண்டும். ஞாயிறு பூஜை முடிந்து வாங்க, காட்டித் தருகிறேன்.