மாதங்களைச் சேர்த்தவர்கள்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் மனத்தில் தோன்றுவது ஒரு திருநாள். ஆப்பிள் விழுந்தது, நியூட்டன் கண்டார். தொட்டி நீர் வழிந்தது, ஆர்க்கிமிடீஸ் ஓடினார் என்றே பள்ளியில் படித்தோம். நுரையீரல் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால் அத்தகைய நாள் ஏதும் கண்ணில் படுவதில்லை. அங்கே வெற்றி மாதக்கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு மருத்துவர் இருபது ஆண்டு உழைக்கிறார். நோயாளியின் வாழ்நாளில் ஏழு மாதம் கூடுகிறது. அந்த ஏழு மாதம் பெரிதா, சிறிதா? இக்கேள்வி என் மனத்தில் வேரூன்றக் காரணமாக இருந்தவர் என் அத்தை.

எங்கள் ஊர் தலைச்சோலை. அண்ணாமலையார் கோயில் இருக்கும் ஏற்காட்டு மலைக் கிராமம் என்றால் சேலத்தார்க்கு எளிதில் விளங்கும். காப்பிச் செடிகளும், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும், மாலையில் இறங்கும் பனியும் எங்கள் செல்வம். அத்தை தோட்ட வேலை செய்தவர். பீடி, சிகரெட் வாடையே படாதவர். ஆனால் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து புகையை விழுங்கியவர்.

2021ஆம் ஆண்டு காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு நிழல். பார்த்த மருத்துவர் காசநோய் என்றார். சளியில் கிருமி தென்படவில்லை. ஆயினும் ஆறு மாதம் மாத்திரை நடந்தது. காசநோய் மலிந்த நாட்டில் நெஞ்சில் நிழல் என்றால் முதலில் அதுவே நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் போன ஆறு மாதம் போனதே. பிறகு மலையிறங்கிச் சேலத்தில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதைத் துணுக்கெடுத்துச் சோதித்தபோது, நுரையீரல் புற்றுநோய் நான்காம் நிலை என்று தெரிந்தது. மரபணுச் சோதனை ஒன்றும் செய்தார்கள். அதன் முடிவு வந்ததும் மருத்துவர் எழுதிக் கொடுத்தது தினம் ஒரு மாத்திரை. கெஃபிட்டினிப் என்பது அதன் பெயர்.

ஒரு மாதத்தில் இருமல் அடங்கியது. அடுத்த பருவத்தில் அத்தை மறுபடியும் பழம் பறிக்கச் சரிவில் இறங்கினார். ஒருநாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "இத யாரு கண்ணு கண்டுபுடிச்சது? அவங்க நல்லா இருக்கோணும்." விலங்கியல் படிக்கும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. தேடித் தேடிப் படித்த பிறகு தெரிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்நோய்க்கு முதலில் கிடைத்த ஆயுதம் கத்தி. 1933இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்று கண்ட ஒரு நுரையீரலை முழுமையாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. 1950இல் கிரஹாம், எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளைஞருடன் சேர்ந்து, சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். தாமும் புகைப்பழக்கம் உள்ளவராயிருந்து கைவிட்டவர் அவர். 1957இல் அதே நோயால் அவர் மறைந்தபோது, அவர் காப்பாற்றிய நோயாளி உயிரோடு இருந்தார். விதியின் விளையாட்டு என்று சொல்வதா, புகையின் விளையாட்டு என்று சொல்வதா?

நோய் பரவியபின் கத்தியால் பயனில்லை. அப்போது வந்தது சிஸ்பிளாட்டின் முதலான மருந்துகளை இரத்தத்தில் செலுத்தும் முறை. 1995இல் 52 ஆய்வுகளில் சேர்ந்த 9,387 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். முற்றிய நோயில் இம்மருந்தால் கூடிய வாழ்நாள் ஏறத்தாழ ஒன்றரை மாதம்! பலர் கைவிரித்தனர். சிலர் அந்த ஒன்றரை மாதத்தைப் படிக்கட்டாகக் கொண்டு மேலே ஏறினர்.

அத்தையின் மாத்திரைக்கும் நேரான பாதை அமையவில்லை. 2003இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தபோது, பத்துப் பேரில் ஒருவருக்கே அது நன்கு வேலை செய்தது. அந்த ஒருவருக்கோ கட்டி கரைந்து, எழுந்து நடக்கும் அளவுக்கு வேலை செய்தது! ஏன் அவருக்கு மட்டும்? பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், குணம் கண்டவர்களின் கட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தார்கள். 2004இல் விடை கிடைத்தது. உயிரணுவின் மேற்பரப்பில் 'வளர்க' என்ற செய்தியைப் பெறும் ஒரு புரதம் உண்டு. அதை வீட்டு அழைப்பு மணி எனலாம். அதன் மரபணு பிறழ்ந்தால், யாரும் அழுத்தாமலே மணி ஓயாது ஒலிக்கிறது. உயிரணு ஓயாது பெருகுகிறது. மாத்திரை அந்த மணியின் வாயை அடைக்கிறது. இப்பிறழ்ச்சி புகைபிடிக்காதவர்களிடமும், பெண்களிடமும், ஆசிய மக்களிடமும் மிகுதி. அத்தைக்கு அது பொருந்திய காரணம் இதுதான்.

ஆனால் புற்றும் கற்றுக்கொள்கிறது. ஓராண்டு அளவில் பலருக்கு மரபணு இன்னொரு மாற்றம் பெற்று, மாத்திரை ஒட்டும் இடத்தைக் கெடுத்துவிடுகிறது. அதையும் வெல்லும் மருந்தைத் தேடிய கூட்டத்தில் நம்மவர் ஒருவர் முன்னணியில் நின்றார். அவர் டாக்டர் சுரேஷ் ராமலிங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, பிட்ஸ்பர்க்கில் புற்றுநோய் மருத்துவம் பயின்று, 2007இல் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பின்னர் அங்குள்ள வின்ஷிப் புற்றுநோய் நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்.

அவர் தொட்டதெல்லாம் பொன்னாகிவிடவில்லை. டாகோமிட்டினிப் என்ற மருந்தை 878 நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வுக்கு அவர் முதன்மை ஆசிரியர். பழைய மருந்தைவிடப் புதியது மேலானதன்று என்றே 2014இல் முடிவு வந்தது. கானெட்டெஸ்பிப் என்ற மற்றொரு மருந்து முதற்கட்ட ஆய்வில் நம்பிக்கையூட்டிப் பெரிய ஆய்வில் கைவிட்டது. பல்லாண்டு உழைப்பின் பயன் 'இல்லை' என்ற ஒரு சொல்! ஆனால் அந்த 'இல்லை'யை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் அவ்வழியே இன்னொருவர் போய் நேரத்தை இழக்காமல் இருந்தார். ஆராய்ச்சியின் அறம் என்று நான் இதைத்தான் கருதுகிறேன்.

பிறகு வந்தது ஆசிமெர்ட்டினிப். 556 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதையும் மறுபிரிவுக்குக் கெஃபிட்டினிப் போன்ற பழைய மாத்திரையையும் கொடுத்தனர். பழைய மாத்திரையில் நோய் அடங்கியிருந்த இடைநிலைக் காலம் 10.2 மாதம், புதியதில் 18.9 மாதம். வாழ்நாள் 31.8 மாதத்திலிருந்து 38.6 மாதமாயிற்று. இந்த வாழ்நாள் கணக்கை 2020இல் வெளியிட்ட கட்டுரையில் முதற்பெயர் ராமலிங்கத்தினுடையது. நோய் பரவாமல் மார்பிலேயே நின்ற, அறுவைக்கு இயலாத நிலையினருக்கு அதே மருந்தைக் கதிர் சிகிச்சைக்குப்பின் கொடுத்த ஆய்வின் முடிவை 2024 ஜூன் மாதம் சிகாகோ மாநாட்டில் அவரே வெளியிட்டார். நோய் அடங்கியிருந்த காலம், மருந்து பெறாதவர்க்கு 5.6 மாதம்; பெற்றவர்க்கு 39.1 மாதம். ஒன்றரை மாதத்துக்கு ஏங்கிய துறை வந்து சேர்ந்திருக்கும் உயரம் இது.

அத்தைக்கு இந்த உயரம் எட்டவில்லை. பதினான்காம் மாதம் இருமல் திரும்பியது. அடுத்த மருந்து பொருந்துமா என்றறிய இன்னொரு சோதனை; பொருந்தினால் மாதந்தோறும் எங்கள் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத செலவு. மாமா மிளகுக் காட்டை விற்கலாம் என்றார். அத்தை ஒப்பவில்லை. "பசங்க படிப்புக்கு அது இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். மற்ற மருந்துகளோடு மேலும் எட்டு மாதம் எங்களோடு இருந்தார். அதற்குள் தம் மகளின் திருமணத்தைப் பார்த்தார். மாதங்கள் பெரியவையா, சிறியவையா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்று இரண்டு கருத்தில்லை.

விலை என்ற இந்தச் சுவரையும் ஆராய்ச்சியால் இடிக்க முடியும் என்று காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் வனிதா நொரோனாவும் அவருடைய குழுவினரும், நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் கெஃபிட்டினிப்புடன் பழைய ஊசி மருந்துகளைச் சேர்த்து 350 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். மாத்திரை மட்டும் உண்டவர்க்கு எட்டு மாதம் அடங்கியிருந்த நோய், சேர்த்துப் பெற்றவர்க்குப் பதினாறு மாதம் அடங்கியிருந்தது. பக்கவிளைவுகள் மிகுதியானது உண்மை. ஆயினும் ஏழை நாட்டின் கேள்விக்கு ஏழை நாடே கண்ட விடை இது. 2020இல் அது உலகின் சிறந்த புற்றுநோய் ஏடொன்றில் வெளியாயிற்று. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு ஆசிமெர்ட்டினிப்புக்குச் சுங்க வரி விலக்கு அளித்தது. இவை நல்ல தொடக்கங்கள், ஆனால் தொடக்கங்களே.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அவர் நோயுற்றவரை முதலில் வைத்ததன் பொருள் இந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்கு விளங்கியது. 9,387, 878, 556, 350 என்ற எண்கள் ஒவ்வொன்றும் மனிதர்கள். எந்த மருந்து தமக்கு விழும் என்று அறியாமலே கையெழுத்திட்டவர்கள். தமக்குப் பயன் கிட்டாவிட்டாலும் பின்வருவோர்க்குக் கிட்டட்டும் என்று இசைந்தவர்கள். மாத்திரையைக் கண்டவர் யார் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தார் பெயரை மட்டும் விடையாகச் சொன்னால் அது பாதி விடை. மறுபாதி இவர்களே.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி மருத்துவக் கல்லூரியன்று என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு விலங்கியல் வேண்டும், வேதியியல் வேண்டும், புள்ளியியல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம் எழுதத் தெரிந்தவரும் வேண்டும். அதுவரை நாம் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கேனும் மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சளியில் கிருமி காணாமலும் மருந்தால் குணம் காணாமலும் நிழல் நின்றால், வேறென்னவாக இருக்கலாம் என்று பணிவோடு கேளுங்கள். புகைக்காதவர்க்கு இந்நோய் வாராது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். ஆராய்ச்சியாளர்கள் அரும்பாடுபட்டு ஒவ்வொரு மாதமாகச் சேர்க்கிறார்கள். அவற்றை நாம் வாயிலிலேயே நழுவ விடலாகாது.