ஜம்போவுக்கு ராஜேந்திர சோழன் என்று பெயர்

ஏர் இந்தியாவின் ஜம்போ விமானங்களில் ஒன்றுக்கு ராஜேந்திர சோழன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். இருக்காதா பின்னே? அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் அவன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியவன் பெயரை ஒரு வான்கப்பலுக்கு வைத்தது பொருத்தம்தான். 1971-ல் வந்த முதல் ஜம்போ அசோகர். பின்னால் வந்தவற்றில் நம் பல்லவன் மகேந்திரவர்மனும் உண்டு. ஜன்னல்களைச் சுற்றி அரண்மனைச் சாளரம் மாதிரி சிவப்பில் வரைந்திருப்பார்கள்.

ராஜா பெயரெல்லாம் பின்னால் வந்த பவிசு. ஆரம்பம் தபால் மூட்டை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, கராச்சியிலிருந்து சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தில் கடிதங்களை ஏற்றிக்கொண்டு ஆமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். அங்கிருந்து அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். ஆக, இந்தியாவின் கொடி தாங்கிய விமான நிறுவனத்தின் முதல் பாதையே சென்னையில்தான் முடிந்தது. 1946-ல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. அதே வருஷம் பாபி கூக்காவின் யோசனையில் மீசைக்கார மகாராஜாவும் பிறந்தார். 1948-ல் லண்டனுக்குப் பறந்தது. 1953-ல் அரசு எடுத்துக்கொண்டது. தலைவராக டாடாவே நீடித்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது.

கும்பகோணம் பெரிய கடைத்தெரு பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவருக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது 1990. குவைத்தில் எலெக்ட்ரீஷியன். ஆகஸ்ட் 2-ம் தேதி காலையில் கண் விழித்தால் தெருவில் ஈராக் டாங்கி. ஊரில் மனைவிக்குத் தந்தி கொடுக்க வழியில்லை. போன் வேலை செய்யவில்லை. பெட்டியில் இருந்த குவைத் தினார் ஒரே வாரத்தில் வெறும் காகிதமானது. பஸ் பிடித்து பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, பாலைவனத்தில் கூடாரம், தண்ணீருக்கு வரிசை. கடைசியில் அம்மான் விமான நிலையம்.

"மகாராஜா படம் போட்ட விமானத்தைப் பார்த்ததும் அழுதுட்டேன்பா. நம்ம ஊரு பஸ்ஸு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்பார். டிக்கெட் யாரும் கேட்கவில்லையாம். பம்பாயில் இறங்கி, ரயில் மாறி மாறி, கடைசியில் சோழன் எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பை மட்டும். மனைவி அவரை அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அவரைப் போல 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, 59 நாளில் 488 முறை பறந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு இது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்தார்கள். கடன் மலையாகக் குவிந்தது. 2021-ல் டாடா 18,000 கோடி ரூபாய்க்குக் கேட்டது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. மகனுக்கு இதில் சந்தோஷம். "வரிப்பணம் மிச்சம்பா. பொறுப்பா நடத்துவாங்க" என்றான். கொரோனா சமயம் மலேசியாவிலிருந்து திருச்சிக்கு 'வந்தே பாரத்' விமானத்தில் வந்தவன் அவன். காசு கொடுத்துத்தான் வந்தான்.

பெரியவருக்கு மனசு ஆறவில்லை. "அடுத்த தடவை எங்கயாச்சும் சண்டை வந்தா யாருடா விமானம் அனுப்புவா?" என்று கேட்டார். கைமாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, உக்ரைனில் போர். ருமேனியாவிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த முதல் விமானம் ஏர் இந்தியாதான். மற்ற தனியார் நிறுவனங்களும் விமானப்படையும் பின்னாலேயே போயின. செலவை அரசு ஏற்றது. மகன் அதைக் காட்டி, "பாத்தீங்களா?" என்றான். "அனுப்புனது அரசாங்கம்டா" என்று பெரியவர் விடவில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அவர் மனைவி இந்த வாதத்தில் சேருவதில்லை. 1985-ல் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் கடலில் விழுந்த செய்தியும், 2025 ஜூனில் ஆமதாபாத் விபத்தும் அவருக்கு மறக்கவில்லை. பேரன் சிங்கப்பூர் கிளம்புகிற நாளில் சாமி விளக்கை அணையவிடாமல் எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார். எந்தக் கம்பெனி விமானம் என்று அவர் கேட்டதே இல்லை. இறங்கியதும் போன் பண்ணச் சொல்வார், அவ்வளவுதான்.